நாலு விரல் பட்டு

ஓசெபெர்க், நோர்வே. கி.பி. 834-இல் இரண்டு பெண்களை ஒரு கப்பலுக்குள் கிடத்தி, கப்பலோடு சேர்த்து மண்மேடு போட்டு மூடியிருக்கிறார்கள். 1904-இல் கேப்ரியல் குஸ்தாஃப்சன் தோண்டியபோது துணிமணி எதுவும் துணிமணியாக இல்லை. அடுக்கடுக்காக ஒட்டி, வில்லை வில்லையாக இறுகிக் கிடந்தது. அதற்குள்ளிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட பட்டுத் துணுக்குகள் வந்தன. அவற்றில் பல கீற்றுகள். ஒரு விரல் அகலம், சில அதற்கும் குறைவு. உடுப்பின் ஓரங்களில் வைத்துத் தைக்க வெட்டியவை.

பாரசீகப் பக்கத்திலோ, மத்திய ஆசியாவிலோ, பைசாந்தியத்திலோ நெய்த பட்டு. நெய்தவர் பறவை, முத்து மாலை என்று பார்த்துப் பார்த்துத் தறியில் ஏற்றியிருக்கிறார். வெட்டியவருக்கு அந்தப் பறவையைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை. அலகு ஒரு கீற்றில் போனால் போகட்டும், வால் இன்னொன்றில் போகட்டும். உடுப்பில் தைத்த பிறகு அது பறவை என்று யாருக்கும் தெரிந்திருக்காது. பளபளப்பும் நிறமும் தெரிந்திருக்கும். காசு கொடுத்தது அதற்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எதிர்க்கேள்வி ஒன்றும் உண்டு. வெட்டியது வடக்கேதான் என்று எப்படிச் சொல்வது? வழியில் ஏதாவது சந்தையில் வியாபாரியே கீற்றாக நறுக்கி விற்றிருக்கலாம். முழுத் துணி வாங்க ஆள் இல்லாத ஊரில் கீற்று விற்கும்.

*

ஓசெபெர்க் பட்டெல்லாம் அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் தேவாலயங்களைக் கொள்ளையடித்துக் கொண்டுவந்தது என்றுதான் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். வைக்கிங் என்றால் கொள்ளை, அவ்வளவுதான் கணக்கு. மரியான் வேடெலர் 2014-இல் வெளியிட்ட நூலில் இதை மறுக்கிறார். பெரும்பகுதி ரஷ்ய ஆறுகள் வழியாக வியாபாரத்தில் வந்தது என்கிறார். கொள்ளைக்காரனைவிடப் பேரம் பேசுகிறவன் சுவாரசியம் குறைந்தவன் என்பதால் இந்த விளக்கம் பரவ நேரம் பிடிக்கும்.

ஓசெபெர்க் துணிகளைப் பற்றிய முழுத் தொகுதி அச்சில் வந்தது 2006-இல். தோண்டி 102 ஆண்டு கழித்து. இடையில் ஆய்வாளர்களுக்குக் கைகொடுத்தவற்றில் ஒன்று, சோஃபி கிராஃப்ட் என்ற ஓவியர் அந்தத் துணுக்குகளைப் பார்த்து வரைந்து வைத்த படங்கள்.

*

சார்லமேன் என்ன உடுத்தினார் என்பதற்கு இரண்டு சாட்சிகள்.

ஐன்ஹார்ட் அரண்மனையிலேயே இருந்தவர், அரசரைத் தினம் பார்த்தவர். அவர் எழுதுவது: லினன் சட்டை, லினன் கால்சட்டை, அதற்கு மேல் பட்டுக் கரை வைத்த மேலங்கி. அயல்நாட்டு உடை பிடிக்காது. ரோமில் இரண்டே தடவை, போப்பாண்டவர்கள் கேட்டுக்கொண்டதால், ரோமானிய உடுப்புப் போட்டுக்கொண்டார். ‘எளிய மனிதர்’ என்று காட்டவே ஐன்ஹார்ட் இதையெல்லாம் அடுக்குகிறார். அந்த எளிமைப் பட்டியலுக்குள் பட்டுக் கரை உறுத்தாமல் உட்கார்ந்திருக்கிறது. ஃபிராங்க் அரசனின் அன்றாட உடையில் அது இருப்பது யாருக்கும் ஆச்சரியமில்லை.

நோட்கர் இன்னொரு கதை சொல்கிறார். சங்க்ட் காலன் மடத்துத் துறவி. சார்லமேன் 814-இல் இறந்து எழுபது ஆண்டு போல ஆன பிறகு எழுதுகிறார். ஒரு திருநாள், குளிர், மழை. பிரபுக்கள் பாவியா சந்தையிலிருந்து அப்போதுதான் வந்திருக்கிறார்கள். வெனிஸ்காரர்கள் கடல் கடந்து கொண்டுவந்த சரக்கெல்லாம் அவர்கள் உடம்பில்: பட்டு வைத்துத் தைத்த பறவைத் தோல்கள், மயில் கழுத்து, ஊதா நாடா. அரசர் மேல் ஆட்டுத்தோல். ‘சும்மா இருந்தால் சோம்பல் வரும், உடுத்தியிருப்பதோடு அப்படியே வேட்டைக்கு வாருங்கள்’ என்று கூட்டிக்கொண்டு போய்விடுகிறார். முள், மழை, விலங்கின் இரத்தம். திரும்பிய பிறகும் கழற்றவிடவில்லை. உடம்பிலேயே காயட்டும் என்கிறார். தீப்பக்கம் நின்று காய்ந்ததும் சுருங்கிச் சுருண்டுபோயின. மறுநாள் அதே உடையில் வந்து நிற்க வேண்டும். தன் ஆட்டுத்தோலை உதறிக் காட்டி, இதன் விலை ஒரு வெள்ளிக்காசு, உங்களுடையது எத்தனை ராத்தல் வெள்ளி என்று கேட்கிறார்.

நடந்ததோ இல்லையோ, கதையைக் கட்டியவருக்குப் பட்டு நனைந்தால் என்ன ஆகும் என்று தெரிந்திருக்கிறது. ஐன்ஹார்ட் சொன்ன அந்தப் பட்டுக் கரையை மட்டும் நோட்கர் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கதை நிற்காது.

*

இஸ்லாமிய மரபில் ஆண்களுக்குப் பட்டு விலக்கு. ஆனால் ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் உமர் வழியாக வரும் அறிவிப்பு ஒன்று அளவு சொல்லி விட்டுக்கொடுக்கிறது: இரண்டு விரல், மூன்று விரல், அல்லது நான்கு விரல் அகலம். அதே தொகுப்பில், அபூபக்கரின் மகள் அஸ்மா ஓர் அங்கியை எடுத்துக் காட்டுகிறார். நபிகள் நாயகம் உடுத்தியது. அதன் ஓரங்களில் பட்டு வைத்துத் தைத்திருந்தது.

சட்டம் தையற்காரனின் அளவில் பேசுவது எனக்குப் பிடித்திருக்கிறது. முழமோ சாணோ இல்லை, விரல். எந்தக் கடையிலும் எந்த நேரத்திலும் அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

இதே உலகத்தில்தான் திராஸ் பட்டைகளும் வளர்ந்தன. லினன் துணி, குறுக்கே பட்டு இழையில் எழுத்து. கலீஃபாவின் பெயர், ஆசி, பல சமயம் நெய்த ஊரும் ஆண்டும். தர்பாரில் வெகுமதியாக அங்கி கொடுத்தால், யாருடைய ஆள் என்பதை அந்தப் பட்டையே சொல்லிவிடும். எகிப்தின் வறண்ட மண்ணில் இவை ஏராளமாகத் தப்பியிருக்கின்றன. ஆண்டு பொறித்த துணி கிடைப்பது ஆய்வாளர்களுக்குப் பெரிய அதிர்ஷ்டம். ஓசெபெர்க் கீற்று எதிலும் தேதி இல்லை.

*

கான்ஸ்டான்டிநோபிளில் பட்டு அரசாங்கச் சரக்கு. 911-912 வாக்கில் தொகுத்த நகராளுநர் விதிநூல் பட்டுத் தொழிலைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. கச்சாப் பட்டு விற்பவர் ஒரு சங்கம், நெய்பவரும் சாயமேற்றுபவரும் இன்னொன்று, தைத்த பட்டு உடுப்பு விற்பவர் வேறொன்று, சிரியாவிலிருந்து வரும் பட்டுக்கென்றே தனியாக ஒன்று. ஒருவர் வேலையில் மற்றவர் கைவைக்கக் கூடாது. பத்துப் பொற்காசுக்கு மேல் விலை போகும் உடுப்பை வாங்கினால் நகராளுநருக்குத் தெரிவிக்க வேண்டும். சில ஊதாக்களும் சில அளவுகளும் வெளியாருக்கு விற்கவே கூடாது.

945-ஆம் ஆண்டுப் பதிவில் ரஷ்ய நாளாகமம் தரும் உடன்படிக்கை: வடக்கிலிருந்து வந்த ரூஸ் வணிகர்கள் 50 பொற்காசுக்கு மேற்பட்ட பட்டு வாங்கக் கூடாது. வாங்கியதை அதிகாரியிடம் காட்டி முத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். 

வடக்கே போன பட்டு ஏன் கீற்றாக இருக்கிறது என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது. வாங்க முடிந்ததே அளவாக. தலைவனுக்கும், தலைவன் மனைவிக்கும், கூட வந்தவர்களுக்கும் பங்கு போக வேண்டும். ஒரு துணியை ஒருவருக்கு அங்கியாகத் தைத்தால் ஒருவரோடு முடிந்தது. கீற்றாக வெட்டினால் ஒரு படைக்கே கழுத்துப்பட்டி வைக்கலாம்.

மீதிப் பாதி சட்டத்தில் இல்லை. 968-இல் முதலாம் ஓட்டோவின் தூதராகப் போன கிரெமோனா ஆயர் லியுட்பிராண்ட் ஊர் திரும்பும்போது ஐந்து ஊதாப் பட்டுகளைச் சுங்கத்தில் பறிகொடுத்தார். வாங்கியதற்குப் பேரரசர் நிகெஃபோரஸின் வாய்மொழி அனுமதி இருக்கிறது என்று வாதாடிப் பார்த்தார். எடுபடவில்லை. இப்படிப்பட்ட துணி எங்களைத் தவிர வேறு எந்த நாட்டாருக்கும் தகாது என்று அதிகாரிகள் சொல்ல, அவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. எங்கள் ஊரில் இதை விலைமாதரும் வித்தைக்காரரும் உடுத்துகிறார்கள், வெனிஸ்காரனும் அமால்ஃபிக்காரனும் கொண்டுவந்து கொட்டுகிறான் என்று பதில் கொடுத்ததாக அவரே எழுதிவைத்திருக்கிறார். கோபத்தில் சொன்னது, அதனால் முழுதும் நம்ப வேண்டாம். ஆனால் கள்ளச்சரக்கு ஓடியது என்பதற்குச் சுங்கத்தில் மாட்டியவரைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

*

அதற்கு நானூறு ஆண்டு முந்திய கதை. பட்டு நூல் முழுக்கப் பாரசீகர் கையில். 531 வாக்கில் ஜஸ்டினியன் அக்சூம் அரசருக்கு, அதாவது இன்றைய எத்தியோப்பியாவுக்கு, தூது அனுப்புகிறார்: இந்தியரிடம் நீங்கள் பட்டு வாங்கி எங்களுக்கு விற்றால் உங்களுக்கும் லாபம், எங்கள் பணமும் எதிரிக்குப் போகாது. நடக்கவில்லை. இந்தியக் கப்பல் முதலில் ஒதுங்கும் துறைகளில் பாரசீக வணிகன் ஏற்கெனவே உட்கார்ந்து சரக்கு முழுவதையும் வாங்கிக்கொள்கிறான் என்று காரணம் எழுதுகிறார் புரோகோப்பியஸ்.

அந்தத் துறைகளைப் பற்றி எழுதிய இன்னொருவர் காஸ்மாஸ். அதே நூற்றாண்டு, அலெக்சாந்திரியாக்காரர். சீனப் பட்டு, அகில், கிராம்பு, சந்தனம் எல்லாம் இலங்கைக்கு வந்து, அங்கிருந்து மலபாருக்கும் கல்யாணுக்கும் பாரசீகத்துக்கும் பிரிந்து போகின்றன என்கிறார். ஆக, அரசர்களின் கழுத்துப்பட்டிக்குப் போன பட்டில் ஒரு பங்கு நம் கடல் வழியாகப் போயிருக்கிறது. எந்தக் கீற்று என்று சொல்ல வழியில்லை, அதனால் இதற்கு மேல் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம்.

552 வாக்கில் துறவிகள் பட்டுப்புழு முட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்பது புரோகோப்பியஸ் சொல்வது. எல்லோருக்கும் நினைவில் நிற்கிற அந்த மூங்கில் குழல் அவர் எழுத்தில் இல்லை. குழல் வருவது பைசாந்தியத்துத் தியோஃபானஸ் சொன்ன வேறொரு வடிவத்தில். அங்கே கொண்டுவந்தவன் ஒரு பாரசீகன். பள்ளிப் புத்தகங்கள் இரண்டையும் சேர்த்துத் துறவி கையில் குழலைக் கொடுத்துவிட்டன.

*

இரண்டு பட்டு மேலங்கி = மூன்று குடும்பம் பிழைக்கும் நிலம்.

கணக்கு ஆங்கிலேயத் துறவி பீட் தருவது. பெனடிக்ட் பிஸ்கப் ரோமிலிருந்து கொண்டுவந்த இரண்டு முழுப்பட்டு அங்கிகளை நார்தம்பிரிய அரசர் ஆல்ட்ஃபிரித்துக்குக் கொடுத்து, வியர் ஆற்றின் தென்கரையில் அந்த நிலத்தை மடத்துக்கு வாங்கினார். அரசர் அவற்றை உடுத்தினாரா, பெட்டியில் வைத்தாரா, வேறு யாருக்காவது கொடுத்தாரா, பீட் சொல்லவில்லை. அவருக்கு நிலம்தான் முக்கியம்.

அதே பீட் 735-இல் சாகும்போது தன் பெட்டியிலிருந்தவற்றை எடுத்துத் துறவிகளுக்குப் பங்கிட்டார்: மிளகு, சில துணித் துண்டுகள், கொஞ்சம் சாம்பிராணி. மிளகு மலபாரிலிருந்து போனது. வாழ்நாளில் அந்தப் பகுதியை விட்டு அதிகம் வெளியே போகாத மனிதரின் பெட்டிக்குள் இந்தியப் பெருங்கடல் சரக்கு இருந்தது.

*

திட்டுகள் நல்ல சான்று. யாரும் செய்யாததை யாரும் திட்டுவதில்லை.

709-இல் இறந்த ஆல்ட்ஹெல்ம், கன்னிமை பற்றிய தன் நூலில், துறவு பூண்டவர்கள் உடுத்துவதைப் பட்டியல் போட்டுச் சாடுகிறார். மெல்லிய லினன் உள்ளாடை, சிவப்பு அல்லது நீல அங்கி, கழுத்திலும் கையிலும் பட்டுப் பட்டைகள், காலணியில் சிவப்புச் சாயத் தோல். கோபத்தில் ஒரு தையற்காரனின் கண் வந்துவிடுகிறது அவருக்கு. 747 வாக்கில் போனிஃபேஸ், கேன்டர்பரி பேராயருக்கு எழுதிய கடிதத்தில், புழு உருவம் போட்ட அகலக் கரைகளைக் கண்டித்து, அந்திக்கிறிஸ்துவின் முன்னறிவிப்பு என்கிறார். புழு என்று அவர் சொல்வது வளைந்து பின்னிக் கிடக்கும் விலங்குக் கோலமாக இருக்கலாம். அந்தக் காலத்து ஊக்குகளிலும் நகைகளிலும் அது நிறையவே உண்டு.

*

பால்ட்ஹில்ட். பிறப்பால் ஆங்கிலோ-சாக்சன். அடிமையாக விற்கப்பட்டு ஃபிராங்க் நாட்டுக்குப் போனவர். இரண்டாம் குளோவிஸின் மனைவியாகி, அரசியாகி, கடைசியில் பாரிஸுக்குக் கிழக்கே ஷெல் மடத்தில் துறவியாகி, 680 வாக்கில் இறந்தார். அவருடைய லினன் மேலாடை ஒன்று இன்னும் ஷெல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதன் கழுத்தைச் சுற்றி வண்ணப் பட்டு நூலில் பூத்தையல். போட்டிருப்பது பூவோ கொடியோ இல்லை: நகை. கழுத்தையொட்டி ஒரு மாலை, அதற்குக் கீழே பதக்கங்கள் தொங்கும் இன்னொன்று, நெஞ்சில் ஒரு பெரிய சிலுவை. பைசாந்திய அரசிகள் அணிந்த நகைகளின் அச்சு. பொன்னைத் துறந்தவர், அதை நூலில் போட்டுக்கொண்டிருக்கிறார். நகையைக் கழற்றிவிடும்படி, இறந்துபோன பொற்கொல்லர்-ஆயர் எலிஜியஸ் காட்சியில் வந்து சொல்லியனுப்பினார் என்று ஒரு புனிதர் வரலாறும் உண்டு. பக்தி என்று படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பழக்கத்தை விடமுடியாத கழுத்தாகத்தான் தெரிகிறது. இரண்டுமாகவும் இருக்கலாம்.

*

நெசவு பற்றி.

அக்காலத்து உயர்ந்த பட்டு பெரும்பாலும் சமைட். இரண்டு பாவு. ஒன்று கண்ணில் படாது. உள்ளே நின்று எந்த நிற ஊடை மேலே வரவேண்டும், எது அடியில் போகவேண்டும் என்று பிரித்துக் கொடுக்கும். இன்னொன்று மெல்லியது, ஊடையைச் சாய்கோட்டில் கட்டிப் பிடிக்கும். மேலே தெரிவது முழுக்க ஊடை. ஊடையில் முறுக்கு ஏற்றமாட்டார்கள், அதனால் ஒளி தடையில்லாமல் ஓடும். கூட்டில் புழு சுற்றிய பசையை வேகவைத்து நீக்கினால்தான் இந்தப் பளபளப்பு வரும். அடர்த்தியான நெசவு என்பதால் மெல்லிய கீற்றாக வெட்டினாலும் சட்டென்று பிரிந்து கொட்டாது. ஓரத்தை ஒரு மடிப்பு மடித்துத் தைத்தால் போதும்.

மேற்காசியத் தறிகளில் உள்பாவு இழையை முறுக்கி ஏற்றுவார்கள். சீனப் பட்டில் முறுக்கு குறைவு, அல்லது எதிர்ப்பக்கம். ஒரு விரல் கீற்றில் கோலம் போய்விட்டாலும் முறுக்கு மிஞ்சும். பிறந்த ஊரை அதில் தேடுகிறார்கள்.

கீற்றுக்கு மாற்று, நாடாவாகவே நெய்வது. இதற்குத் தறி வேண்டாம். உள்ளங்கைக்குள் அடங்கும் சதுரப் பலகைகள், மரமோ எலும்போ தோலோ. நான்கு மூலையிலும் துளை, துளைக்கு ஓர் இழை. பலகைகளைக் கால் சுற்று திருப்பினால் இழைகள் இடம் மாறி ஊடைக்கு வழி விடும். திருப்பத் திருப்ப ஒவ்வொரு பலகையின் நான்கு இழையும் கயிறாகத் திரிந்துகொண்டே போகும். ஓசெபெர்க்கில் 52 பலகைகள், பாதி நெய்த நாடாவோடு, அப்படியே கிடைத்தன. சுவீடனின் பிர்கா ஊர்க் கல்லறைகளில் கிடைத்த நாடாக்களில் பட்டு இழையோடு மேல்பக்கம் மட்டும் வெள்ளிக் கம்பி ஓடுகிறது. உடுப்புக்குள் மறையும் அடிப்பக்கத்துக்கு வெள்ளியை வீணாக்கவில்லை.

*

பிர்காவில் 1870-களில் தொடங்கி யால்மார் ஸ்டோல்பே ஏறத்தாழ 1,100 கல்லறைகளைத் திறந்தார். அவற்றில் பட்டு இருந்தது சுமார் 50-இல். ஆக்னெஸ் கெய்யர் அந்தத் துணிகளை ஆராய்ந்து 1938-இல் நூல் வெளியிட்டார்.

அமில மண்ணில் லினன் மக்கிப் போகும். பட்டும் கம்பளியும் ஓரளவு தாங்கும். வெண்கல ஊக்கு, வெள்ளிக் கம்பி பக்கத்தில் இருந்தால் அதிலிருந்து கசியும் உலோக உப்பு கிருமியை அண்டவிடாது, துணி பிழைக்கும். ஆக, அங்கி இல்லை, அங்கியின் கரை இருக்கிறது. அந்தக் கரை எங்கே கிடந்தது என்பதைக் கொண்டு இல்லாத அங்கியின் வெட்டைக் கணிக்கிறார்கள். இங்கா ஹெக் போன்றவர்கள் இதில் ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் நிலைமை இன்னும் மோசம். டாப்லோ, பிரிட்டில்வெல் போன்ற பிரபுக்களின் கல்லறைகளில் நாடாவே இல்லை. அதில் ஓடிய தங்கத் தகட்டிழை மட்டும். 2003-இல் தோண்டிய பிரிட்டில்வெல்லில் உடல்கூட மண்ணாகிப் போயிருந்தது. கழுத்து இருந்த இடத்தில் தங்க இழை கிடந்தது.

*

கத்பர்ட் 687-இல் இறந்தார். சாயமேற்றாத கம்பளி உடுத்தியவர் என்று பீட் எழுதுகிறார்; லிண்டிஸ்ஃபார்ன் துறவிகள் அவரைப் பார்த்து அதையே பழக்கமாக்கிக்கொண்டார்களாம். 1827-இல் டர்ஹாமில் அவர் பெட்டியைத் திறந்தால் பைசாந்தியப் பட்டுகள். அதோடு, தங்க இழையிலும் பட்டிலும் தைத்த தோள்பட்டையும் கைப்பட்டையும். ஆல்ஃப்ளேட் செய்யச் சொன்னார், ஆயர் ஃபிரித்ஸ்தானுக்காக, என்று அவற்றிலேயே பூத்தையலில் எழுதியிருக்கிறது. அரசியான ஆல்ஃப்ளேட் 916 வாக்கில் இறந்துவிட்டார், ஃபிரித்ஸ்தான் ஆயரானது 909. இந்த இரண்டுக்கும் நடுவே செய்த வேலை. புனிதர் இறந்து இருநூறு ஆண்டுக்கு மேல். பட்டிழை மேல் தங்கம் சுற்றிய நூல். பழைய சரிகைக்கும் அதே முறைதான், பட்டிழை மேல் வெள்ளி.

வந்த அரசரெல்லாம் ஒரு பட்டைக் கொண்டுவந்து போட்டால் அவர் என்ன செய்வார், பாவம்.

*

2017 அக்டோபர். பிர்காவிலும் பழைய உப்சாலாவிலும் கிடைத்த பட்டு-வெள்ளி நாடாக்களில் ‘அல்லாஹ்’ என்று கூஃபி எழுத்தில் இருப்பதாக உப்சாலா பல்கலைக்கழகம் அறிவித்தது. கண்டவர் துணியியல் ஆய்வாளர் அன்னிகா லார்சன். உலகம் முழுக்கச் செய்தி. சில நாளிலேயே டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் இஸ்லாமியக் கலை வரலாற்றாளர் ஸ்டெஃபனி மல்டர் மறுத்தார். அந்தச் சதுரக் கூஃபி வடிவம் பல நூற்றாண்டு பிந்தியது. அதைவிட முக்கியமானது அடுத்த வாதம். கிடைத்த நாடாவின் அகலத்துக்குள் அந்தச் சொல் அடங்கவில்லை. இருபுறமும் நாடா நீண்டிருந்ததாகக் கற்பனையில் நீட்டினால்தான் வருகிறது.

வரவேண்டும் என்று ஆசைப்பட்ட செய்தி என்பதால் அத்தனை வேகம். ஸ்காண்டிநேவியாவுக்கும் இஸ்லாமிய உலகுக்கும் தொடர்பு இருந்ததற்கு அந்த நாடா தேவையே இல்லை. பிர்கா மண்ணில் அரபு வெள்ளி நாணயம் கொட்டிக் கிடக்கிறது.

*

மோஷ்சேவயா பால்கா. வட காக்கசஸ் மலை, 8-9 நூற்றாண்டு. பாறை விளிம்புகளில் வைத்த கல்லறைகள், நீர் படாதவை. லினன்கூடக் கெடவில்லை. பாரசீகத்தைச் சுற்றிக்கொண்டு போக விரும்பிய வணிகர்கள் இந்தக் கணவாய் வழியாகப் போனார்கள். மலைக்காரர்கள் வழிவிடக் கூலி வாங்கினார்கள், பட்டில். ஒரு தலைவனுக்கு உடம்பு முழுக்கப் பட்டுக் கஃப்தான் இருந்தது. பச்சைப் பட்டு, வட்டத்துக்குள் சென்முர்வ் என்ற நாய்த்தலைப் பறவை. இப்போது எர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்றவர்களுக்கு லினன் அங்கி, ஓரத்தில் பட்டுத் துண்டு. அப்படி ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிடனில் இருக்கிறது.

அன்னா யெருசலிம்ஸ்கயா வாழ்நாளில் பெரும்பகுதியை இந்த ஓரிடத்துத் துணிகளுக்குக் கொடுத்தார். பட்டோடு சேர்ந்து ஒரு சீன வணிகனின் கணக்குத் தாளும் கிடைத்திருக்கிறது. எத்தனையோ அரசர்களின் பெயர் நமக்குத் தெரியும். சுமையோடு மலையேறிய ஆள் எழுதிய கணக்கு இது ஒன்று.

முழுக் கஃப்தானும் வெட்டிய கீற்றும் ஒரே ஊரில், ஒரே காலத்தில். பட்டு அரிதான இடத்தில்தான் கீற்று என்று சொல்லிவிட முடியாது. யாருக்கு எவ்வளவு என்று ஊருக்குள்ளேயே பங்கு இருந்திருக்கிறது.

*

வெட்டு அந்தக் காலத்தோடு நிற்கவில்லை. எகிப்தில் அக்மீம், அன்டினோ கல்லறைகளிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் முழு அங்கிகள் வந்தன. தோளிலும் முழங்காலிலும் வட்டம், முன்னும் பின்னும் நீளப் பட்டை. வியாபாரிகள் வட்டத்தையும் பட்டையையும் வெட்டி எடுத்துக்கொண்டு வெறும் லினனைத் தூக்கி எறிந்தார்கள். அருங்காட்சியகங்களில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது அந்தத் துண்டுகள்.

ஐரோப்பாவில் இதைச் செய்தவர் ஒரு பாதிரியார். ஆஹன் நகரத்து ஃபிரான்ஸ் போக், 1823 முதல் 1899 வரை வாழ்ந்தவர். தேவாலயக் கருவூலங்களில் பழம்பட்டைத் தேடிப் போவார், ஒரு துண்டு வெட்டிக்கொள்வார், அருங்காட்சியகங்களுக்கு விற்பார். ஒரே பட்டு இன்று பல ஊர்களில் துண்டு துண்டாக இருப்பதற்கு அவரும் ஒரு காரணம். ‘கத்தரிக்கோல் போக்’ என்று ஜெர்மானியர் பெயரே வைத்துவிட்டார்கள். அவர் வெட்டியிராவிட்டால் பல துணிகள் பிந்தைய போர்களில் முழுதாக அழிந்திருக்கும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. கத்தரிக்கோல் பிடித்தவர்களுக்கு எப்போதும் ஒரு வக்கீல் கிடைப்பார்.

*

வேல்ஸ், லாங்கோர்ஸ் ஏரிக்குள் கட்டிய தீவு வீடு. 916-இல் மெர்சியாவின் ஏதெல்ஃப்ளேட் படை அனுப்பி அழித்தார்; அரசன் மனைவியோடு 34 பேர் பிடிபட்டதாக ஆங்கிலோ-சாக்சன் நாளாகமம். 1990-இல் சேற்றிலிருந்து ஒரு கரிக்கட்டி எடுத்தார்கள். கரிந்துபோன உடுப்பு. மெல்லிய லினன் மேல் பட்டு நூலில் சிங்கம், பறவை, கொடி. எரிந்ததால்தான் லினன் மிஞ்சியது. நிறம் ஒன்றும் மிஞ்சவில்லை, எல்லாம் கறுப்பு.

*

மம்மென், டென்மார்க். 1868-இல் கிராமத்தார் ஒரு மேட்டைத் தோண்டியதில் கிடைத்த கல்லறை. அறையின் மரத்தை வைத்துக் காலம் 970-971 என்று பிறகு கணித்தார்கள். பட்டும் தங்கமும் வைத்துத் தைத்த, பஞ்சடைத்த மணிக்கட்டுப் பட்டிகள். பலகை நெசவு நாடாக்கள். கம்பளி மேல் இலையும் மனித முகமும் பூத்தையலாக. பணக்கார ஆண். ஆனால் எலும்புகள் காணாமல் போய்விட்டன. நூறு ஆண்டுக்கு மேல் கிடைக்கவில்லை. கடைசியில் கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்திலேயே, வேறொரு ஊர்ப் பெயர் ஒட்டிய பெட்டியில் இருந்தன. 2021-இல் சார்லட் ரிம்ஸ்டாட் குழு ஆய்வை வெளியிட்டது.

எலும்பில் துணி ஒட்டிக்கொண்டிருந்தது. கால் எலும்பில் ஒட்டியிருந்ததைப் பார்த்ததும், மணிக்கட்டில் இருந்ததைப் போன்ற அலங்காரப் பட்டி கணுக்காலிலும் இருந்திருக்கிறது, நீளக் கால்சட்டை போட்டிருக்கிறான் என்று தெரிந்தது. அதுவரை வரைந்த படங்களில் இது இல்லை. டேனிஷ் அருங்காட்சியகத்தார் அந்த உடுப்பைத் திரும்ப நெய்து, தைத்து முடித்தபோது கணுக்காலிலும் பட்டி வைத்தார்கள்.